கடுவன் கினிப்பன்றிகளைச் சண்டையின்றி ஒன்றாக வளர்த்தல்: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கினிப்பன்றி தனித்து வாழும் பிராணி அன்று. சுவிற்சர்லாந்தில் 2008 முதல் நடைமுறையில் உள்ள விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு கினிப்பன்றியைத் துணையின்றித் தனியே வளர்ப்பதற்கு அனுமதியே இல்லை. ஆனால் கடையில் ஆண், பெண் சரியாகப் பார்க்காமல் வாங்கியதாலோ, குட்டிகள் பெருகிவிடக் கூடாதென்று எண்ணியதாலோ, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மன்னாரின் பெருநிலப் பகுதியிலும் பல வீடுகளில் கடுவன்கள் மட்டுமே சேர்ந்துவிடுகின்றன. நான்கைந்து மாதம் ஒற்றுமையாக இருந்தவை திடீரென ஒன்றையொன்று கடித்துக் குதறும்போது, "இதன் குணம் கெட்டது" என்று ஒன்றின் மேல் பழியைப் போட்டு அதைத் தனிக்கூட்டில் அடைத்துவிடுகிறோம். பெரும்பாலான வேளைகளில் குறை அதன் குணத்தில் இல்லை. கூட்டின் அளவிலும், உள்ளே பொருட்களை வைத்த முறையிலும், சேர்த்து வைத்த விதத்திலுமே இருக்கிறது.

எத்தனை கடுவன்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

இரண்டு என்பதே என் உறுதியான பரிந்துரை. மூன்று கடுவன்கள் இருக்குமிடத்தில் இரண்டு சேர்ந்து ஒன்றை ஒதுக்குவது வழக்கம்; ஒதுக்கப்பட்டது தீனிக்கு வராமல் மூலையிலேயே மெலிந்துபோகும். நான்கு கடுவன்கள் உள்ளவர்களுக்கு ஒரு பெரிய பட்டியை விட இரண்டு சோடிகளாகப் பிரித்து வளர்ப்பதே நிம்மதியானது. காட்டில் வாழும் உறவினங்களில் வளர்ந்த கடுவன் ஒன்றிரண்டு பெட்டைகளுடன் வாழ்ந்து, இன்னொரு கடுவனை அருகில் அண்டவிடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வீட்டில் வளர்ந்த கடுவன்கள் இரண்டு ஒன்றாகப் படுத்துறங்குவதே எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்பது விளங்கும்.

எந்த இரண்டைச் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. ஒரு வயதைத் தாண்டிய கடுவன் ஒன்றுடன் அப்போதுதான் தாயைப் பிரிந்த குட்டி ஒன்றைச் சேர்ப்பதே மிகவும் உறுதியான சோடியாகும், ஏனெனில் குட்டி எதிர்ப்பின்றிப் பணிந்து பெரியதிடமிருந்து நடத்தையைக் கற்றுக்கொள்ளும். ஜெர்மனிய விலங்கு நடத்தை ஆய்வாளரான நோர்பெர்ட் சாக்சரும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இளமைப் பருவத்தில் மூத்த கடுவன்களும் உள்ள கூட்டத்தில் வளர்ந்தவை, பின்னர் முன்பின் தெரியாத கடுவன்களுடன் விடப்பட்டபோதும் பெரிய மோதலின்றி ஒத்துப்போயின; அந்த அனுபவம் இல்லாமல் வளர்ந்தவை கடுமையாகச் சண்டையிட்டன. ஆகவே குட்டி வாங்கும்போது அது எங்கே, எவற்றுடன் வளர்ந்தது என்று கேட்பது வீண் கேள்வி அன்று. ஒரே வயதுச் சகோதரர்கள் நன்றாக ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. குட்டிப் பருவத்தில் அது சரிதான். இரண்டும் ஒரே வேளையில் பருவமடைவதால் தலைமைக்கான போட்டியும் ஒரே வேளையில் வந்துவிடும்.

ஆணா பெண்ணா என்று பார்த்து உறுதிசெய்வதைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். குட்டியை மடியில் மல்லாக்காகப் பிடித்து, குறித் துவாரத்துக்குச் சற்று மேலே விரலால் மெல்ல அழுத்தினால் கடுவனில் ஆண்குறி வெளிப்படும். கடுவன் குட்டிகள் மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடக் கூடும் என்பதால், 21 நாட்களில் அவற்றைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும்.

வளவில் பெட்டைகள் இருந்தால், அவற்றின் மணமும் சத்தமும் கடுவன்களை எட்டாத வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும். பெட்டையைத் தூக்கிய கையைக் கழுவாமல் கடுவன் கூட்டுக்குள் விட்டால் அதுவே ஒரு சண்டைக்குப் போதும்.

கூட்டின் அளவும் அமைப்பும்

இரண்டு கடுவன்களுக்குக் குறைந்தது 10 முதல் 12 சதுர அடி வரையான ஒரே மட்டத் தரை தேவை. அதற்கு மேல் ஒவ்வொரு கடுவனுக்கும் இன்னும் 4 சதுர அடியாவது சேர்க்க வேண்டும். மேல்தட்டு வைத்துக் கட்டிய கூட்டில் அந்தத் தட்டின் பரப்பை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே ஏறும் சரிவுப் பலகை ஒரு கடுவன் மற்றதை மறித்து நிற்பதற்கு ஏற்ற இடமாகிவிடுவதால், அது இல்லாதிருப்பதே நன்று. முயலுக்குச் செய்யும் மரக்கூடுகள் பெரும்பாலும் 6 சதுர அடியைத் தாண்டுவதில்லை என்பதால் அவற்றைக் கடுவன் சோடிக்கு வாங்குவது காசை வீணாக்குவதாகும்.

கடைகளில் கிடைக்கும் 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை ஒன்றை நீளவாட்டில் இரண்டாக அறுத்தால் 8 அடிக்கு 2 அடியான இரண்டு தரைகள் கிடைக்கும். ஒரு சோடிக்கு 16 சதுர அடி என்பது தாராளம். துரத்தப்படும் கடுவன் நீண்டு ஓடித் தப்புவதற்கு சதுரக் கூட்டை விட நீளக்கூடு உதவும். மற்றப் பாதியை வீட்டு மூலையில் பத்திரமாக வையுங்கள். கடுவன் சோடி வளர்க்க விரும்புபவர், பிரிக்க வேண்டிய நாள் வந்தால் உடனே பயன்படுத்தக்கூடிய இரண்டாவது இடத்தை முதல் நாளே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதை நான் ஒரு நிபந்தனையாகவே சொல்வேன்.

தரையாகக் கம்பி வலை கூடாது. பாதம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். பலகையின் மேல் கழுவக்கூடிய பிளாஸ்ரிக் விரிப்பை விரித்து, அதன் மேல் ஓரம் தைத்த பழைய பருத்திச் சாரத்தையோ படுக்கை விரிப்பையோ இரண்டு மடிப்பாகப் போடலாம். நூல் பிரியும் சாக்கை அப்படியே போட்டால் விரலில் நூல் சுற்றி இறுகும். உமி எங்கள் பகுதியில் இலகுவாகக் கிடைத்தாலும், அதன் தூசி சுவாசத்தைக் கெடுக்கும் என்பதால் படுக்கைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. காய்ந்த நெல் வைக்கோலின் முனைகள் கண்ணைக் குத்தக்கூடும்.

பாம்பு, உடும்பு, கீரி, மரநாய், பூனை, எலி ஆகிய அனைத்தும் உலாவும் வளவுகளில் வாழ்கிறோம். ஆகவே பக்கங்களும் மேற்புறமும் அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலையால் மூடப்பட வேண்டும்; கோழிக்கூட்டு வலையின் பெரிய கண்ணுக்குள்ளால் பாம்பு எளிதாக நுழைந்துவிடும். கூட்டை இரண்டடி உயரக் கால்களில் நிறுத்தி, எறும்பு ஏறாமலிருக்க அக்கால்களைச் சவர்க்காரத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைக்கலாம். டெங்கு நுளம்பு பெருகாதபடி அந்தத் தண்ணீரை வாரம் இருமுறை ஊற்றிக் கழுவ வேண்டும்.

எதுவும் இரண்டுக்குக் குறையக் கூடாது, எதிலும் முட்டுச்சந்து கூடாது

சமாதானத்தின் பெரும்பகுதி இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. இரண்டு கடுவன்களுக்கு மூன்று ஒளிவிடங்கள், மூன்று புற்குவியல்கள், இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் என்று, எந்தப் பொருளும் தலைக்கு ஒன்றுக்குக் குறையாமலும் இயன்றவை ஒன்று கூடுதலாகவும் இருக்க வேண்டும். அவற்றை அருகருகே அடுக்காமல் கூட்டின் இரு முனைகளிலும் நடுவிலுமாகப் பரப்புங்கள். தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால், ஒரே கடுவன் இரண்டையும் காவல் காக்கும்.

ஒளிவிடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல்கள் கட்டாயம். ஒரு வாசல் மட்டும் உள்ள பெட்டிக்குள் பலம் குறைந்த கடுவன் ஓடினால், பெரியது வாசலில் நின்றுகொள்ளும். தப்ப வழியற்றது திருப்பிக் கடிக்கும். பனையோலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்து எதிரெதிர்ப் பக்கங்களில் வாசல் வெட்டினால் அருமையான ஒளிவிடம் ஆகும், மென்றாலும் கேடில்லை, கிழிந்தால் இன்னொன்று பின்னிக்கொள்ளலாம். அடியுடைந்த மண்பானையின் இரு முனையும் திறந்த பகுதியை, கூரிய விளிம்பைத் தேய்த்துவிட்டு, வெயில் காலத்தில் பயன்படுத்தலாம். ஒரே மாதிரியான மூன்றை வையுங்கள். ஒன்று அழகாகவும் மற்றவை சாதாரணமாகவும் இருந்தால், அந்த ஒன்றுக்குத்தான் போட்டி.

காய்கறியையும் ஒரே தட்டில் வைக்காமல் தூவிவிடுவது நன்று.

வெயிலும் சண்டையும்

கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை ஆகும். 28 பாகையைத் தாண்டினால் வெப்ப அதிர்ச்சி ஏற்படும் ஆபத்து உண்டு. வன்னியில் ஆண்டின் பெரும்பகுதி பகல்கள் 30 பாகைக்கு மேலேயே நிற்பதால், வெளிநாட்டு வழிகாட்டிகள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த விடயம் எங்களுக்கு முதன்மையானது. தகரக் கூரையின் கீழ் கூடு வைக்கவே கூடாது. கிடுகு வேய்ந்த கொட்டில், அல்லது ஓட்டு வீட்டின் வடக்குப் பக்க விறாந்தை பொருத்தமானது. சோளகக் காற்று புழுதியை அள்ளி வரும் மாதங்களில் காற்று வரும் பக்கத்தில் நனைத்த சாக்கைச் சற்று விலக்கித் தொங்கவிட்டால் புழுதியும் குறையும், உள்ளே குளிர்ச்சியும் வரும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையில் வாடைக் காற்றுச் சாரல் கூட்டுக்குள் விழாதபடி மறைப்பை எதிர்ப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

தண்ணீர் நிரப்பி உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றி வைப்பது நல்ல முறை. ஆனால் ஒன்றை மட்டும் வைத்தால், என் கணிப்பில், அது உதவியை விடக் கலகத்தையே கூடுதலாக விளைவிக்கும். குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்று இருக்கும் கூட்டில் வலியது அதைப் பிடித்துக்கொள்ள, மற்றது வெக்கையில் கிடக்கும். தலைக்கொரு போத்தலும், ஈரம் ஊறிய ஓடு அல்லது தரைக்கல் ஒவ்வொன்றும் தனித்தனி மூலையில் வைக்கப்பட வேண்டும். வாயில் எச்சில் வடிந்து, மூச்சு வாங்கி, நீட்டி நிமிர்ந்து கிடக்கும் கினிப்பன்றியின் காதுகளையும் பாதங்களையும் சாதாரணக் குளிர்ந்த நீரால் நனைத்தபடி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தக் கூடாது.

அறிமுகப்படுத்தும் நாள்

புதிதாக வந்ததைக் குறைந்தது இரண்டு வாரமாவது வேறு அறையில் வைத்துப் பாருங்கள். சொறி உண்ணி, படர்தாமரை, மூக்கொழுகல் ஆகியவை அந்த இடைவெளியில் வெளிப்பட்டுவிடும். அதன் பின் காலையில், வெயில் ஏறுமுன், இரண்டுக்குமே பழக்கமில்லாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். விறாந்தையின் ஒரு பகுதியைப் பலகைகளால் அடைத்து 8 அடிக்கு 6 அடி அளவில் ஒரு பட்டி அமைத்தால் போதும். உள்ளே நான்கைந்து இடங்களில் பச்சைப் புல்லைக் குவித்து வையுங்கள். இந்த முதல் சந்திப்பில் ஒளிவிடம் எதுவும் வேண்டாம். தடித்த துவாய் ஒன்றும், இடையில் இறக்கக்கூடிய பலகைத் துண்டு ஒன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே வேளையில் உள்ளே விடுங்கள். இரண்டுக்கு மேற்பட்டவற்றைச் சேர்ப்பதென்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே வேளையில் விட வேண்டும்.

அதன் பிறகு உங்களுடைய வேலை, பேசாமல் இருந்து பார்ப்பதே. பின்புறத்தை மோந்து பார்த்தல், இடுப்பை ஆட்டி அடித்தொண்டையில் உறுமியபடி சுற்றி நடத்தல், மேலே ஏறுதல், தலையை உயர்த்தி அளவெடுத்தல், சிறிது தூரம் துரத்துதல், சிறுநீர் தெளித்தல், பின்புறத்தைத் தரையில் தேய்த்தல் ஆகிய அனைத்தும் இயல்பானவை. யார் மூத்தவர் என்பதை அவை இப்படித்தான் பேசித் தீர்க்கின்றன. இதைப் பார்த்துப் பதறி இடையில் பிரித்தெடுப்பதே வளர்ப்போர் செய்யும் மிகப் பெரிய கேடு, ஏனெனில் பாதியில் நின்ற பேச்சு மறுநாள் தொடக்கத்திலிருந்தே ஆரம்பமாகும், முன்னதிலும் சூடாக.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. கழுத்து மயிர் சிலிர்த்து, உடல் விறைத்து, பற்களை இடைவிடாது கடகடவெனத் தட்டியபடி இரண்டும் நேருக்கு நேர் நிற்பதும், கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறந்து முன்பற்களைக் காட்டுவதும் எச்சரிக்கை. அந்த நிலையில் பலகைத் துண்டை ஓரிரு வினாடி இடையில் இறக்கியோ, புதிய புல்லைப் போட்டோ கவனத்தைத் திருப்பலாம். முகத்தை நோக்கிப் பாய்ந்து, கட்டிப் புரண்டு உருளத் தொடங்கினால் உடனே துவாயைப் போட்டுப் பிரிக்க வேண்டும். வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். கினிப்பன்றியின் முன்பற்கள் விரலை எலும்பு வரை கிழிக்கவல்லவை.

இரண்டும் ஒரே குவியலில் தின்று, பிறகு தரையில் படுத்து மயிரைக் கோதிக்கொள்ளத் தொடங்கினால் பெரும்பகுதி முடிந்தது. இதற்கு இரண்டு மணித்தியாலமும் ஆகலாம், ஒரு பகல் முழுதும் ஆகலாம். பழைய கூட்டை வினாகிரி கலந்த நீரால் நன்றாகத் துடைத்து, பொருட்களின் இடத்தையும் மாற்றி, யாருக்கும் சொந்தமில்லாத புது வீடாக்கிய பின்னரே இரண்டையும் ஒன்றாக அங்கே மாற்ற வேண்டும். இடம் மாறியதும் உறுமலும் துரத்தலும் மீண்டும் சற்றுத் தலைகாட்டும், அது இயல்பு.

பருவமடையும் மாதங்கள்

ஏறத்தாழ மூன்று மாதம் முதல் பதினான்கு மாதம் வரையான காலமே சோதனைக் காலம். நேற்று வரை பணிந்திருந்த குட்டி திடீரென உறுமும். பெரியது அதிர்ந்துபோய்த் திருப்பித் துரத்தும். சோடி பிரிந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த மாதங்களிலேயே நடக்கின்றன. இக்காலத்தில் கூட்டைப் பெரிதாக்க முடியுமென்றால் பெரிதாக்குங்கள். புல்லை வழமையை விட நிறையப் போட்டு அதற்குள் தேடித் தின்னும் வேலையைக் கொடுங்கள். புதிய பிராணி எதையும் வளவுக்குக் கொண்டுவராதீர்கள். காயடித்துவிட்டால் அடங்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கடுவன்களுக்கிடையிலான மேலாண்மைப் போட்டியை அது பெரிதாக மாற்றுவதில்லை.

அன்றாடமும் வாரமும்

கூட்டை ஒரே நாளில் அடியோடு கழுவிவிட்டால் அவற்றின் மண அடையாளங்கள் அழிந்து, தலைமைக்கான போட்டி மீண்டும் தொடங்கலாம். நனைந்த இடங்களை நாள்தோறும் மாற்றி, முழுத் துப்புரவின்போது காய்ந்த பழைய புல்லில் ஒரு பகுதியையும், கழுவாத ஒளிவிடம் ஒன்றையும் விட்டுவைத்தால் அமைதி குலையாது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். வளர்ந்த கடுவன் பொதுவாக 900 முதல் 1200 கிராம் வரை இருக்கும். ஒன்று ஏறிக்கொண்டும் மற்றது ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கியும் போனால், நீங்கள் பார்க்காத வேளையில் அது தீனியிலிருந்து துரத்தப்படுகிறது என்றோ, நோயுற்றிருக்கிறது என்றோ பொருள். உடல் எடையில் பத்திலொரு பங்கு குறைந்தால் வைத்தியரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. நிறுக்கும்போதே இடுப்பு, காது, உதடு, விதைப்பை ஆகிய இடங்களில் கடிகாயம் உண்டா என்று மயிரை விலக்கிப் பாருங்கள். ஒன்றை வைத்தியரிடம் கொண்டுபோகும்போது மற்றதையும் கூடவே கொண்டுபோங்கள். மருந்து மணத்துடன் தனியே திரும்பி வருவதை வீட்டிலிருப்பது அந்நியனாகவே நடத்தும்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல்தான் முதன்மை உணவு; வயலோரத்திலும் வெறுங்காணியிலும் வளரும் கினிப்புல்லும் அறுகும் போதியவை, கிருமிநாசினி தெளிக்காத இடத்தில் அறுத்து, மழைக்காலத்துக்கென்று நிழலில் உலர்த்தியும் வைக்கலாம். உயிர்ச்சத்து சீயை இவற்றின் உடல் தானே உற்பத்தி செய்யாது என்பதால் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். விதை நீக்கிய கொய்யாப்பழம் 10 கிராமில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கிறது. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் குழைகளை இவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள். வேலிகளில் நிற்கும் கிளிசரியா கொறிவிலங்குகளுக்கு நஞ்சு. இப்பில் இப்பில், மரவள்ளி இலை, அலரி ஆகியனவும் விலக்கப்பட வேண்டியவை. கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் கிணற்று நீரைக் குடிக்கக் கொடுப்பதைத் தவிர்த்து, வீட்டார் குடிக்கும் சுத்திகரித்த நீரையே கொடுப்பது நல்லது. சிறுநீர்ப்பையில் கல் உண்டாவது இவற்றில் அடிக்கடி காணப்படுவதாகும்.

பிரிக்க வேண்டி வந்தால்

காதில் ஒரு சிறு கீறலைப் பார்த்தவுடன் பிரிக்க வேண்டியதில்லை. ஆழமான கடிகாயம் ஏற்பட்டாலோ, கட்டிப் புரளும் சண்டை மீண்டும் நடந்தாலோ, ஒன்று தின்னாமல் ஒதுங்கியே கிடந்தாலோ பிரிக்க வேண்டும். இரத்தம் சிந்தும் சண்டையிட்ட கடுவன்கள் மீண்டும் ஒத்துப்போவது அரிது என்பதால், வாரத்துக்கொரு முறை சேர்த்துப் பரீட்சித்துப் பார்ப்பது அவற்றை வதைப்பதாகவே முடியும்.

காயத்தை உப்பு நீரால் கழுவுங்கள். வீட்டில் மீந்திருக்கும் அமொக்சிசிலினையோ வேறெந்தப் பென்சிலின் வகை மருந்தையோ வாயால் கொடுத்துவிடாதீர்கள். அது குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களைக் கொன்று கினிப்பன்றியையே சாகடிக்கக்கூடும். அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழியே கூடுதலாகப் பார்க்கப்படுவதால், கொண்டுபோனது கினிப்பன்றி என்பதையும் பென்சிலின் ஆகாது என்பதையும் நீங்களே நினைவூட்டுவதில் தவறில்லை. சிக்கலான நிலைமைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை உண்டு. ஆனால் நெடும்பயணம் வெயிலில் அமையாதபடி இரவிலோ விடிகாலையிலோ புறப்பட வேண்டும்.

பிரித்ததன் பின்னும் அவற்றைத் தனிமையில் விடாதீர்கள். 8 அடிக் கூட்டின் நடுவே சிறுகண் வலையை நிறுத்தி, இருபுறமும் புல், தண்ணீர், ஒளிவிடம் என்று முழுமையாக அமைத்தால், கடிக்க முடியாத தூரத்தில் ஒன்றையொன்று பார்த்தும் மணந்தும் பேசியும் வாழும். பல கடுவன்களுக்கு இந்த ஏற்பாடே வாழ்நாள் முழுதும் போதுமாகிறது. இப்படிப் பிரித்தால் ஒரு புறத்துக்குக் கிடைக்கும் எட்டு சதுர அடி ஒரு கடுவனுக்கு மட்டுமே போதும் என்பதால், இதைத் தற்காலிக ஏற்பாடாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தாயைப் பிரிந்த கடுவன் குட்டி ஒன்றைத் துணையாக்க விரும்புபவர்கள், முன்பு எடுத்துவைத்த மற்றப் பாதிப் பலகையில் இரண்டாவது கூட்டைக் கட்டி, முழு 16 சதுர அடியை ஒவ்வொரு சோடிக்கும் கொடுக்க வேண்டும். பெட்டையுடன் சேர்ப்பது மூன்றாவது வழி. அதற்குச் சிறு பிராணிகளில் பழக்கமுள்ள வைத்தியரிடம் காயடித்து, அதன் பின்னும் ஆறு வாரம் தனியே வைத்திருந்துதான் சேர்க்க வேண்டும், ஏனெனில் அதுவரை அந்தக் கடுவனால் குட்டி உண்டாக்க முடியும்.